கை நனைக்காத இரண்டு நாடுகள்

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. நாடுகளுக்கு இடையில் சண்டை எப்படி மூள்கிறது, எப்படி ஆறுகிறது, பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று எப்படிச் சேதி சொல்லிக்கொள்கின்றன என்றெல்லாம் படித்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. ஆய்வு மையம் டெல்லியில் இருக்கிறது. நான் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னாங்க, சண்டை வருமா வராதா?" உறுதியாகச் சொல்ல முடியாது, வராது என்று ஒதுக்கிவிடவும் முடியாது என்பேன். அவர் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து, "இதைச் சொல்றதுக்கு எவ்ளோ படிச்சிருக்காங்க பாரு" என்பார்.

அம்மா இன்னும் சுருக்கம். "என் பெரிய பொண்ணு சண்டை ஆராய்ச்சி பண்றா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். யாராவது மேற்கொண்டு விசாரித்தால், "ஊரான் சண்டைலாம் தெரியும். நம்ம வூட்டு சண்டை மட்டும் அவளுக்குப் புரியாது" என்று சேர்த்துக்கொள்வாள். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் அவளிடம் இதே பதில்தான். அது தனிக் கட்டுரை. இங்கே வேண்டாம்.

எங்கள் வீட்டுச் சண்டை இதுதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான புதிதில் டவுனில் வீடு கட்டிக் குடிவந்தோம். புதுமனை புகுவிழா. முதல் பந்தியில் என் தாய்மாமன், அதாவது அம்மாவின் ஒரே தம்பி, உட்கார்ந்திருந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு கூட வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவுக்கு வேண்டிய பெரிய மனிதர்கள் சிலர் காரில் வந்து இறங்கினார்கள். பந்தி சித்தப்பாவின் பொறுப்பு. அவர் நேராக மாமாவிடம் வந்து, "மச்சான், நீங்க நம்ம ஆளுதானே. கொஞ்சம் எழுந்துக்கோங்க, அடுத்த பந்தியில பாத்துக்கலாம்" என்றார். மாமா எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அன்று போனவர்தான்.

இலையில் உட்கார்ந்தவனை எழுப்புவது எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட அவமானம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு நாட்டுத் தூதரை வெளியேற்றுவது இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். அதிலாவது பெட்டியைக் கட்டிக்கொள்ள அவகாசம் கொடுப்பார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டு ஆட்கள் அவர் வீட்டில் கை நனைப்பதில்லை, அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. ஒரு வீட்டில் ஒரு வாய் சோறு தின்றுவிட்டால் அந்த வீட்டோடு உனக்குச் சண்டை இல்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி. சாவு, சடங்கு, ஆஸ்பத்திரி எதில் எதிர்ப்பட்டாலும் அம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வருஷங்கள் ஓடின.

பிறகு தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் சங்கராபுரத்தில் டீச்சர். வீட்டில் எனக்கு நேர் எதிர்: கொஞ்சமாகப் பேசுவாள், பேசினால் நடக்கும். எங்களில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு தட்டில் வைத்துப் பெண்ணைப் பெற்றவளே நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கூரியர்ல போட்டுடு" என்றாள்.

தங்கச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். "மாமா மடியில குந்தி காது குத்திக்கினவ நானு. மாமா வந்து மாலை போட்டாத்தான் மணையில குந்துவேன். இல்லன்னா மண்டபத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள். கையைக் கழுவிவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டாள். அம்மா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று துவைத்த துணியையே மறுபடி ஊறப்போட்டாள்.

அப்பா பார்வையாளர் அந்தஸ்துள்ள நாடு. செய்தித்தாளை மடிக்காமலே என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வையில் நான் மயங்கிவிட்டேன். இவ்வளவு படித்தது எதற்கு? மூன்றாம் தரப்பு மத்தியஸ்தம், நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை, நடுநிலையான இடம் எல்லாம் என் விரல் நுனியில் இருந்தன. "நான் பாத்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

மாமாவின் வீடு கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, மலைப்பாதை தொடங்குவதற்கு முன்னால் இறங்கிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் மரவள்ளியும் மக்காச்சோளமும். கிளம்பும்போது அம்மா ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரைக் கையில் திணித்தாள். மேல் அடுக்கில் எலுமிச்சை சாதம். "அங்க பச்சைத் தண்ணி கூடக் குடிக்காத. பசிச்சா இதைச் சாப்டு. கீழ் டப்பாவைத் தொறக்காத, ஊறுகா ஊத்திக்கும்" என்றாள். பெற்ற தாயை யார் சந்தேகப்படுவார்கள்?

மாமா களத்தில் உட்கார்ந்து மக்காச்சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தன் நாயிடம் பேச ஆரம்பித்தார். "டேய், தோ பாத்தியா, டவுன்லருந்து ஆளு வந்துருக்குது. பெரிய பெரிய நாட்டுக்கெல்லாம் புத்தி சொல்றவங்களாம். நமக்கும் இன்னாமோ சொல்ல வந்துருக்காங்க. கேட்டுக்கோ." நாய் கேட்டுக்கொண்டது. நானும் நாயைப் பார்த்தே, கல்யாணத் தேதியையும் தங்கச்சி சொன்னதையும் சொன்னேன். மாமா உரிப்பதை நிறுத்தினார். பிறகு நாயிடம், "சின்னப் பாப்பா கண்ணாலத்துக்கு வரக் கூடாதுன்னு நமக்கு இன்னா வேண்டுதலா? ஆனா எழுப்பி விட்ட எடத்துல எப்பிடிரா போய் நிக்கறது?" என்றார்.

அத்தை, மாமாவின் மனைவி, ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். நான் எடுக்கவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். சொந்த மாமன் வீட்டுக்கு எதிரில், பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி. அத்தை மரத்தடிக்கே வந்து, "கேரியரைக் குடு, கழுவித் தரேன். கழுவறதுல ஒண்ணும் கை நனையாது" என்று வாங்கிக்கொண்டு போனாள். அவள் திருப்பிக் கொடுக்கும்போது அது கொஞ்சம் கனமாக இருந்த மாதிரி பட்டது. நான் முதல் சுற்றுப் பேச்சின் முடிவுகளைப் போனில் குறித்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை.

இரண்டாவது முறை ஒரு கூட்டறிக்கையோடு போனேன். இரவல் சரக்கு இல்லை, என் கைப்பட எழுதியது. "அன்று நடந்த நிகழ்வு இரு தரப்புக்கும் வருத்தத்துக்குரியது. உறவின் நலன் கருதி இரு தரப்பும் முன்னோக்கிச் செல்ல விரும்புகின்றன." இதை முதலில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"யாரு வருத்தப்படறது?"

"யார்னு குறிப்பா சொல்லலைம்மா. அதான் இதுல அழகே."

"யாருமே வருத்தப்படலன்னா எதுக்குடி எழுதற? போஸ்டர் ஒட்டப் போறியா?"

மாமாவிடம் படித்தேன். அவர் நாயைப் பார்த்தார். "இது யாரு எழுதனதுன்னு கேளுடா. எங்க அக்கா எழுதலன்னு மட்டும் எனக்குத் தெரியுது. அது எழுதியிருந்தா ரெண்டு திட்டு இருந்திருக்கும்" என்றார். என் கூட்டறிக்கையை அத்தை கருவாடு மடிக்க எடுத்துக்கொண்டாள். இந்த முறையும் கேரியர் என்னோடு வந்தது, கழுவப்பட்டது, திரும்பியது.

அடுத்தது நடுநிலையான இடம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். காபிதானே, கை நனைக்கிற கணக்கில் வராது என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கெஞ்சி வரவழைத்தேன். வந்தார்கள். அதுதான் கொடுமை, இரண்டு பேருமே வந்தார்கள். அம்மா ஏசி ஹாலில் உட்கார்ந்தாள். மாமா சாதா ஹாலில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. "பெரியவ நான் வந்து குந்திக்கினு இருக்கறேன். அவன் எழுந்து வரட்டும்" என்றாள் அம்மா. "எழுந்துக்கறது நமக்குப் புதுசா? ஒரு தடவ எழுந்தாச்சு. இனிமே கூப்புட்டாத்தான் வருவேன்" என்றார் மாமா. இந்த முறை நாய் இல்லாததால் சர்வரிடம் சொன்னார். நான் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடி, கடைசியில் ஓட்டல்காரர் வந்து, "மேடம், ஏசி போவுது" என்றார். இருவரும் ஆளுக்கொரு காபியைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தங்கச்சி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மா மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்த முதல் பத்திரிகை அங்கேயே இருந்தது. எனக்குப் பயம் பிடித்தது. மண்டபத்தில் மணை காலியாக இருப்பதைப் போல ஒரு காட்சி கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. இரண்டு பேரைப் பேச வைக்க வக்கில்லாத மத்தியஸ்தர் என்று என்னைத் திட்ட டெல்லியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, நானே திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது முறை போன அன்று பார்த்து ஒரு இணையக் கருத்தரங்கம் இருந்தது. நாடுகள் வகுத்துக்கொள்கிற சிவப்புக் கோடுகள் பற்றி நான் பேச வேண்டும். அதாவது, இதைத் தாண்டினால் பொறுக்க மாட்டேன் என்று ஒரு நாடு இன்னொரு நாட்டை எச்சரிப்பது. மாமா வீட்டில் சிக்னல் கிடைப்பது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மட்டும்தான். அங்கே ஒரு கட்டிலைப் போட்டு, போனைச் சொம்பின் மேல் சாய்த்து, முகத்தில் அறிவுக்களையை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் முறை வருவதற்குள் நாலு வாய் தின்றுவிடலாம் என்று கேரியரின் மேல் அடுக்கைத் திறந்தேன். எலுமிச்சை சாதத்தைக் காணோம். கம்பு உருண்டை இருந்தது. கீழ் டப்பாவையும் திறந்தேன். அதிலும் கம்பு உருண்டை. வெல்லமும் நெய்யும் போட்டு, மேலே ஒரு முந்திரியைக் குத்தியது. எங்கள் வீட்டில் யாரும் கம்பு உருண்டை தின்பதில்லை. அம்மாவுக்குத் தெரிந்து அதற்கு உயிரை விடுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான், அவர் களத்தில் நாயோடு பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். போன இரண்டு தடவையும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை களைத்து வந்திருக்கிறாளே என்ற பாசம் என்று நினைத்தேன். கொஞ்ச நாளாக வீட்டில் சாமைப் பொங்கல், நல்ல மலைச் சாமை, தொட்டுக்கொள்ளத் தேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு "கடையில" என்றாள். எதிரி நாட்டுச் சாமையைத்தான் இத்தனை நாளாகக் குடும்பத்தோடு தின்றுகொண்டிருந்தோம். பேசாத இரண்டு தரப்பு எப்படிச் சேதி சொல்லிக்கொள்கிறது என்று அறிக்கை எழுதுகிற நான், அந்தச் சேதியைத் தூக்குச் சட்டி மாதிரி தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன்.

இந்த நேரத்தில் போனுக்குள்ளிருந்து என்னைப் பேச அழைத்துவிட்டார்கள். பேசினேன். சிவப்புக் கோடு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றேன். தெரியாமல் ஒருவர் தாண்டிவிட்டாலும் விளைவு விளைவுதான் என்றேன். அத்தை ஓசையில்லாமல் வந்து கேமராவுக்குக் கீழே ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனாள். சுடு சோறு, கருவாட்டுக் குழம்பு. என் வாய் பேசிக்கொண்டே இருந்தது, கை அதுபாட்டுக்குப் பிசைந்தது. மற்றவர்கள் பேசும்போது தின்றேன், கேள்வி வந்தபோது மென்று விழுங்கிவிட்டுப் பதில் சொன்னேன். கருத்தரங்கம் முடிந்து போனை அணைத்தபோது தட்டு வழித்து விட்ட மாதிரி இருந்தது. கொட்டகை மூலையில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"கை நனைச்சிட்டியே பாப்பா" என்றார். நாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

காலித் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கேரியரிலிருந்து ஒரு கம்பு உருண்டையை எடுத்துக் கடித்தார். "உங்க சித்தப்பன் எழுப்பனதுக்கா நான் கோச்சிக்கினு இருக்கறேன்? அவன் இன்னிக்கி பெரிய மனுஷன் வந்தா என்ன எழுப்புவான், நாளைக்கி அந்தப் பெரிய மனுஷன விடப் பெரியவன் வந்தா அவனையே எழுப்புவான். அவன் கெடக்கறான். எங்க அக்கா அண்டா பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சு. நான் எழுந்துக்கறத பாத்துச்சு. ஒரு வார்த்த சொல்லல பாப்பா. என் தம்பி குந்தட்டும்னு ஒரு வார்த்த." மீதி உருண்டையை அவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அது தட்டு வெச்சிக் கூப்புட்டா வரேன். சின்னப் பாப்பாவுக்கு மாலை போடறேன். பந்தியில மட்டும் குந்த மாட்டேன். அது என்னால ஆவாது."

தாய்மாமன் வந்தும் சாப்பிடாமல் போனால் அது வராததைவிட மோசம். கல்யாண வீடு முழுக்க அதைத்தான் பேசும். தங்கச்சிக்குத் தெரிந்தால் மணையிலிருந்தே எழுந்து வந்துவிடுவாள்.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா கேரியரை வாங்கினாள். என் கையைப் பார்த்தாள். "சாப்டியா?" என்றாள்.

"ஆமாம்மா. தெரியாம..."

"இன்னா கொழம்பு?"

"கருவாடு."

"உங்க அத்தை கத்திரிக்கா போட்டிருப்பாளே."

போட்டிருந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன், திட்டே வரவில்லை. மாமா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அண்டாவை, அந்த ஒரு வார்த்தையை, பந்தியில் உட்கார மாட்டேன் என்றதை. அம்மா சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "பாத்தேன்தான்" என்றாள். மறுநாள் தட்டோடு அவளே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "நீ வந்தா பேசிக்கினே இருப்ப" என்றாள்.

கல்யாணத்துக்கு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் சீர்த்தட்டுகளோடு அத்தையும் சொந்தக்காரர்களும். தங்கச்சிக்கு மாலை போட்டார். அவள் அப்போதுதான் மணையில் உட்கார்ந்தாள், அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். தாலி கட்டி முடிந்தது. கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்ப, மாமா மட்டும் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

நான் சாம்பார் வாளியோடு முதல் பந்தியில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது அம்மா பட்டுப் புடவையோடு உள்ளே வந்தாள். பெண்ணைப் பெற்றவள் கடைசிப் பந்தியில் சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். அவளோ நடு வரிசைக்குப் போய், சம்பந்தி அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பக்கத்து இலையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கூடமே பார்த்தது.

பந்தி இந்த முறையும் சித்தப்பாவின் பொறுப்புதான். ஓடி வந்தார். "அண்ணி, இன்னா இது, மாப்ள வூட்டுக்காரங்க இன்னும் நிக்கறாங்க. நீங்க போய்..."

"இந்த எலை என் தம்பியுது" என்றாள் அம்மா. கத்தவில்லை. ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது. "எழுப்பறதா இருந்தா மொதல்ல என்னை எழுப்புங்க. அப்புறம் அவனை எழுப்பலாம்."

சித்தப்பா நின்றிருந்தவர்களை அடுத்த வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "தம்பி, வாடா" என்றாள். அவ்வளவு வருஷத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

மாமா வந்தார். ஒரு கால் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளேயே வந்துவிட்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துக்கொண்டு, சோற்றில் கை வைத்தார். நான் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு இடது கையால் முகத்தைத் துடைத்தார்.

"சாம்பார்ல உப்பு ஜாஸ்தி அக்கா."

"அழுதுக்கினே துன்னா அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. அவளும் தன் இலையைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி ஆராய்ச்சி? மாமாவுக்கு இன்னொரு கரண்டி ஊத்து."

ஊற்றினேன்.